சட்டம் இல்லாத பதினோரு நாட்கள்

பிளஸ் டூவில் இரண்டு தடவை கோட்டை விட்டவன் நான். சட்டப் புத்தகத்தைக் கையால் தொட்டதில்லை. ஆனாலும் ஒரே ஒரு சட்டத்தின் நான்காவது பிரிவை மட்டும் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வேன். வளைகுடாவில் ஒரு நாட்டின் கால்நடைத் துறைக்கு மறுபடியும் ஐந்து வருட ஆயுள் கொடுத்த சட்டம் அது. எந்த நாடு, எந்தத் துறைமுகம் என்று எழுதப்போவதில்லை. எங்கள் பக்கத்துப் பிள்ளைகள் இன்னும் அங்கே டூட்டி பார்க்கிறார்கள். என் வாயால் அவர்கள் விசாவுக்கு வினை வர வேண்டாம்.

அதற்கு முன்னால் துபாயில், அல் குசைஸ் கேம்ப்பில் இரண்டு வருடம் கம்பி கட்டினேன். என் தாயைச் சொல்லித் திட்டிய ஃபோர்மேனின் பல்லை ஒருநாள் சைட்டிலேயே உடைத்துவிட்டேன். விசாவைக் கேன்சல் செய்து ஊருக்கு ஏற்றிவிட்டார்கள். சிவகங்கைப் பக்கம் எங்கள் ஊரில் ஒரு வருடம் சும்மா திரிந்துவிட்டு வேறு ஏஜெண்டைப் பிடித்து, வேறு நாட்டுக்குப் போனேன். இரண்டாயிரத்து ஐந்து, ஆறு வாக்கில் இருக்கும். கை நீட்டமாட்டேன் என்று அம்மாவிடம் சத்தியம் செய்துவிட்டுத்தான் விமானம் ஏறினேன்.

வேலை துறைமுகத்தை ஒட்டிய ஆட்டு யார்டில். ஆப்பிரிக்கக் கரையிலிருந்து கப்பலில் வரும் ஆடுகளை இறக்கிப் பட்டிகளில் அடைத்து, நோய் உண்டா இல்லையா என்று பார்த்த பிறகுதான் வெளியே விடுவார்கள். யார்டு அரசாங்கத்தின் கால்நடைத் துறையுடையது. நாங்கள் கூலிக்கு ஆள் அனுப்பும் சப்ளை கம்பெனி ஆட்கள். ஒரு சூடானி டாக்டர் பட்டி பட்டியாக வந்து பார்ப்பார். முதுகில் பச்சைப் பெயிண்ட் அடிக்கச் சொன்னால் ஆடு சந்தைக்குப் போகும். சிவப்பு அடிக்கச் சொன்னால் ஊசி போட்டுக் கொன்று, குழியில் தள்ளி, சுண்ணாம்பு கொட்டி மூடுவோம். எந்த நிறமானாலும் தாளில் டாக்டர் கையெழுத்தும் துறையின் சீலும் விழ வேண்டும். அது விழாமல் ஒரு குட்டி கூட கேட்டைத் தாண்டாது.

எங்கள் கூட்டத்துக்குத் தலைவர் தொண்டிக்காரர் ஒருவர். எல்லோருக்கும் பாய். ஊரில் கறிக்கடை வைத்திருந்து, நொடித்துப்போய் வளைகுடாவுக்கு வந்தவர். வந்து பதினாறு வருடம் ஆகியிருந்தது. அதில் மனைவியோடு இருந்த மாதங்களை விரல் விட்டு எண்ணிவிடலாம். அடுத்த மாதம் எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு ஊருக்கே போய்விடுவதாக இருந்தார். கம்பெனியும் சம்மதித்துவிட்டது. கட்டிலுக்கு அடியில் பெட்டி தயாராகக் கட்டிக் கிடந்தது. அறையில் என் கோபத்தைத் தாங்கிக்கொண்ட ஒரே மனிதர் அவர்தான். நான் கத்தினால் திருப்பிக் கத்தமாட்டார், தட்டில் சோற்றைப் போட்டு என் பக்கம் நகர்த்தி வைப்பார். அதுவே எனக்கு இன்னும் எரிச்சலாக இருக்கும்.

துறைக்கு ஆயுள் ஐந்து வருடம் என்பதும், முடிந்தால் மறுபடி சட்டம் போட்டால்தான் அது உயிரோடு இருக்கும் என்பதும் யார்டில் யாருக்கும் தெரியாது. ஒருநாள் காலையில் டாக்டர் ஆபீஸ் படியில் உட்கார்ந்திருந்தார். உள்ளே சீலைப் பெட்டியில் வைத்துப் பூட்டியிருந்தார்கள். மருந்து ஸ்டோருக்கும் பூட்டு. அவருக்கு அரபியும் இங்கிலீஷும்தான். கூட இருந்து இருந்து கொஞ்சம் இந்தியும் ஒட்டிக்கொண்டிருந்தது.

"துறை மாஃபி, இல்லை" என்றார். "நேற்றோடு கலாஸ். புதுச் சட்டம் மேஜையில் இருக்கு. கையெழுத்து ஆகணும்."

"எப்ப ஆகும் டாக்டர்?" என்று பாய் கேட்டார்.

"இன்ஷா அல்லா" என்றார் டாக்டர். அந்த ஊரில் அரசாங்க ஆள் அப்படிச் சொன்னால் நாற்காலியைப் போட்டு உட்கார்ந்துவிட வேண்டியதுதான்.

நாங்களும் உட்கார்ந்திருப்போம். ஆனால் முந்தின நாள்தான் ஒரு கப்பல் இறங்கியிருந்தது. அத்தனையும் ஒரே வியாபாரியின் ஆடுகள். அந்த ஊரில் பெரிய கை. அர்பாப், அதாவது முதலாளி என்றுதான் எல்லோரும் அவனைச் சொல்வார்கள். அவன் ஆடுகளில் ஏழாம் பட்டியில் இருந்தவை இரண்டாம் நாள் தீனி எடுக்கவில்லை. மூன்றாம் நாள் மூக்கில் ரத்தம் வந்தது. வெயிலுக்குத் தகரக் கூரை கொதிக்க, அதுகள் ஒன்றின் மேல் ஒன்று விழுந்து, கீழே கிடந்ததை மேலே நின்றது மிதித்தே கொன்றது. செத்ததை இழுக்க உள்ளே போனால் காலைச் சுற்றி முட்டும். என் முழங்காலில் ஒரு கிடா முட்டியதில் இரண்டு நாள் நொண்டினேன். நான்காம் நாள் பக்கத்துப் பட்டியிலும் இரண்டு ஆடுகளுக்கு மூக்கில் ரத்தம்.

டாக்டர் போனை வைப்பார், எடுப்பார். மேலே இருப்பவர்கள், பொறு, கையெழுத்து இதோ ஆகிறது என்பார்கள். பட்டியில் சாவதை நாங்கள் பார்த்துக்கொண்டிருக்க வேண்டும். அர்பாப் வேறு தினமும் வண்டியில் வந்து இறங்குவான். துறையே இல்லை என்றால் என் ஆட்டைத் தடுக்க நீ யார், கேட்டைத் திற என்று டாக்டரிடம் கத்துவான். நான்காம் நாள் டாக்டரின் சட்டையைப் பிடித்து உலுக்கி, முகத்தில் துப்பினான். டாக்டர் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு, "திறக்க முடியாது" என்றார். நான் பெருக்கிக்கொண்டிருந்த துடைப்பத்தைத் தலைகீழாகப் பிடித்தேன். பாய் என் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டார். விட்டிருந்தால் அன்றே என் கதை முடிந்திருக்கும்.

ஐந்தாம் நாள் விடிந்ததும் டாக்டர் எங்களைக் கூப்பிட்டார். ஏழாம் பட்டியைக் காலி பண்ணியாக வேண்டும், இல்லாவிட்டால் யார்டே போய்விடும், சந்தைக்குப் போனால் மனுஷனுக்கும் வரும் என்றார். உத்தரவு தன்னுடையது என்று ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போட்டார். சீல் இல்லை. ஊசி மருந்தும் இல்லை. "எப்படி முடியுமோ அப்படி" என்றவர் எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

பட்டிக் கம்பம் அறையும் சம்மட்டி ஒன்று இருந்தது. அதை நான் எடுத்தேன். எங்கள் ஊர்க் கோயிலில் கிடா வெட்டிப் பார்த்தவன்தான், ரத்தம் எனக்குப் புதிதில்லை. ஆனால் அங்கே வெட்டுகிறவன் ஒருவன், வெட்டு ஒன்று. இங்கே முதல் ஆட்டுக்கு மூன்று அடி தேவைப்பட்டது. முதல் அடியில் கொம்பு பிய்ந்தது, இரண்டாவதில் தாடை. அது செத்தபாடில்லை. கத்தவும் முடியாமல் என் பூட்ஸ் மேல் வாயை வைத்துத் தேய்த்தது. மூன்றாவது அடி நெற்றிக்கு நடுவில் இறங்கியது. அதற்கப்புறம் இடம் பிடிபட்டுவிட்டது. இருபது தாண்டியபோது கோபம் வந்தது. யார் மேல் என்று தெரியாத கோபம். சாகமாட்டேன் என்று உதைக்கிற ஆட்டின் மேலேயே அது திரும்பியது. செத்ததையும் இன்னொரு முறை அடித்தேன். இதை மறைப்பதில் அர்த்தமில்லை, அன்றைக்கு நான் அப்படித்தான் இருந்தேன்.

பாய் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு அறைக்குப் போய்த் தன் கத்தியை எடுத்து வந்தார்.

"அடிச்சுக் கொல்லாதப்பா. வாயில்லா சீவன். நான் அறுத்துர்றேன்."

"பாய், இது திங்கிறதுக்கா? குழிக்குப் போறது. என்னத்துக்குக் கத்தி?"

"குழிக்குப் போனா உசுரு இல்லேன்னு ஆயிருமா?"

கத்தியைத் தீட்டிக்கொண்டு பட்டியின் மறுமுனையில் ஆரம்பித்தார். ஒவ்வொன்றையும் மக்கா இருக்கும் மேற்கே பார்த்துத் திருப்பிப் படுக்க வைத்து, கண்ணைக் கையால் மூடி, இறைவன் பெயரைச் சொல்லி, ஒரே இழுப்பில் அறுத்தார். ரத்தம் முழுக்க வடியும்வரை கையை எடுக்கமாட்டார். நான் ஐந்து ஆட்டைச் சாய்க்கும் நேரத்தில் அவர் ஒன்றை முடிப்பார். வேகமாகச் செய்யுங்கள் பாய் என்று திட்டினேன், காது கொடுக்கவில்லை. நாற்பது ஆடு அறுத்திருப்பார். அவர் பக்கம் ஒரு ஆடு கத்தியதாக எனக்கு நினைவில்லை. என் பக்கம்தான் ஓயாத சத்தம்.

பாதிப் பட்டி முடிந்திருந்தபோது அர்பாபின் ஆட்கள் இரண்டு பிக்கப்பில் வந்து இறங்கினார்கள். யார் போன் பண்ணினார்களோ. கையில் இரும்புக் குழாய்கள். கேட்டைத் தள்ளிக்கொண்டு உள்ளே வந்தவர்கள் முதலில் டாக்டரைத்தான் பிடித்தார்கள். தரையில் தள்ளி மிதித்தார்கள். அவர் கண்ணாடி என் காலடிக்கு வந்து விழுந்தது. நான் சம்மட்டியோடு ஓடினேன். ஒருவன் தோளில் போட்டேன், எலும்பு நொறுங்கிய சத்தம் கேட்டது. அடுத்த நொடி என் முதுகில் குழாய் இறங்கியது, பிறகு விலாவில், பிறகு எங்கே என்று தெரியவில்லை. ஆட்டு ரத்தத்தில் வழுக்கி வழுக்கி எழுந்து அடித்தேன், விழுந்து வாங்கினேன். பாய் கத்தியைத் தூரப் போட்டுவிட்டு என் மேல் விழுந்து மறைத்துக்கொண்டார். எனக்கு விழ வேண்டிய அடி பாதி அவர் முதுகில் விழுந்தது. போலீஸ் வண்டி வரும்வரை நிறுத்தவில்லை.

போலீஸ் எங்களைத்தான் ஏற்றியது. அர்பாபின் புகார் முந்திவிட்டது. துறையே இல்லாத நாளில், கூலிக்காரர்கள் என் ஆடுகளைக் கறிக்கு அறுத்தார்கள், பின்வாசல் வழியாக விற்கப் பார்த்தார்கள் என்பது புகார். பொய்யென்று சொல்ல வழியில்லாமல் எதிரே நாற்பது ஆடு கழுத்தறுந்து, ரத்தம் வடிந்து, வரிசையாக மேற்கே பார்த்துக் கிடந்தது. அதைப் பார்த்த எந்த முஸ்லிமும் கறிக்கு அறுத்தது என்றுதான் சொல்வான். கொள்ளைநோய் ஆட்டைக் கொல்கிறவன் இப்படி மெனக்கெடுவானா?

டாக்டரை மறுநாள் ஆஸ்பத்திரியிலிருந்தே ஜாமீனில் விட்டார்கள். உத்தரவு என்னுடையது என்று அவர் எழுதிக் கொடுத்தார், அந்த மட்டில் நல்ல மனுஷன். எங்கள் இருவரையும் லாக்கப்பில் வைத்தார்கள். கம்பெனி கைகழுவிவிட்டது. நோயுள்ள கறியை ஊருக்கு விற்கப் பார்த்த குற்றத்துக்கு வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும் என்று கூட இருந்தவர்கள் சொன்னார்கள். அதில் ஒருவன் பாயைப் பார்த்து இந்தியில் கறித்திருடன் என்றான். அவன் தலையைப் பிடித்துச் சுவரில் மோதினேன். அவன் புருவம் பிளந்தது, எனக்கு இரண்டு நாள் சோறு நின்றது. பாய் தன் பங்கை எனக்குப் பாதி கொடுத்தார். "உனக்குக் கை சும்மா இருக்காதா தம்பி" என்றார், அவ்வளவுதான்.

துறை செத்த பன்னிரண்டாம் நாள் சட்டம் வந்தது. பேப்பரில் வந்த அன்றைக்கே எங்களை விசாரணை அதிகாரி முன்னால் நிறுத்தினார்கள். இளவயது, நல்ல முகம், குழைந்து பேசினார். எங்களுக்குக் கட்டன் சாயா கூட வாங்கிக் கொடுத்தார். மொழிபெயர்க்க ஒரு மலையாளி. அதிகாரி பேப்பரை எங்கள் முன்னால் விரித்து நான்காவது பிரிவில் விரலை வைத்தார். மலையாளி அதை இரண்டு தடவை சொன்னான். பழைய சட்டம் முடிந்த நாளுக்கும் புதுச் சட்டம் வந்த நாளுக்கும் நடுவில், துறை மருத்துவர் உத்தரவின் பேரில், நோயுள்ள கால்நடைகளை அழித்த எந்தச் செயலும் இந்தச் சட்டப்படி செய்ததாகவே கொள்ளப்படும்.

எங்களுக்காகவே எழுதினார்களோ என்று இருந்தது. கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது எனக்கு. அதற்குள் அதிகாரி கேள்வியை ஆரம்பித்தார். நீ எப்படிக் கொன்றாய்? சம்மட்டியால். எங்கே அடித்தாய்? மண்டையில். எழுதிக்கொண்டார். அழித்தது, சரி, இங்கே கையெழுத்துப் போடு. குழாயோடு வந்தவர்கள் அடிதடிப் புகார் எதுவும் கொடுக்கவில்லை, அதனால் என் வழக்கு அவ்வளவில் முடிந்துவிட்டது.

பிறகு பாயைப் பார்த்தார். மலையாளி கேட்டான்: "நீ அறுக்கும்போ படைச்சவன் பேரு சொன்னியா?"

பாய் வாய் திறக்குமுன் அவனே குரலைத் தாழ்த்திச் சொன்னான்: "பேரு சொல்லி அறுத்தா அது திங்கறதுக்கு வேண்டி அறுத்தது. சட்டம் அழிச்சதைத்தான் மாப்பாக்கும், அறுத்ததை இல்ல. சொல்லலைன்னு ஒரு வார்த்தை போதும். சார் ஃபைலை மூடிடுவார். உனக்கும் இன்னைக்கே போகாம்."

அதிகாரி பேனாவைப் பிடித்தபடி காத்திருந்தார். அவரும் தலையை லேசாக இல்லை என்று அசைத்துக் காட்டினார், சின்னப் பிள்ளைக்குப் பரீட்சையில் சொல்லிக் கொடுப்பதுபோல.

"சொன்னேன்" என்றார் பாய்.

நான் குறுக்கே விழுந்தேன். "சார், இவரு சொல்லலை. நான் பக்கத்துலதான நின்னேன். சும்மா கத்தியப் போட்டாரு, அவ்வளவுதான். எழுதிக்கங்க."

"அவன் பொய் சொல்றான்" என்றார் பாய். "ஒவ்வொண்ணுக்கும் சொன்னேன்."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். நண்பனோடு பேசிவிட்டு வரச் சொல் என்று மலையாளியிடம் சொன்னார். வெளியே வராந்தாவில் எங்களை நிறுத்தி ஒரு போலீஸ்காரர் தள்ளி நின்றுகொண்டார்.

நான் அவர் கையைப் பிடித்துக்கொண்டு கெஞ்சினேன். காலைத் தொடவும் தயாராக இருந்தேன். "பாய், ஒரு வார்த்தை. அங்க உங்க வீட்டுல பெட்டியோட வருவீகன்னு உக்காந்திருக்காக. மனசுக்குள்ள என்ன வேணா நெனச்சுக்கங்க. வாயால இல்லேன்னு சொல்லிட்டு வந்துருங்க. அப்புறம் தொழுது அழுதுக்கங்க."

"நாப்பது உசுர எடுத்தேன் தம்பி. அந்தப் பேரைச் சொன்னதுனாலதான் என்னால கத்தியப் போட முடிஞ்சுச்சு. இப்பச் சொல்லலைன்னு எழுதிக் குடுத்தா, நான் செஞ்சதுக்குப் பேரு என்ன? அப்பறம் எனக்கும் அந்தக் குழாய் தூக்கிட்டு வந்தவனுக்கும் என்ன வித்தியாசம்?"

"எனக்கும் உங்களுக்குந்தான் என்ன வித்தியாசம்னு கேளுங்களேன்."

அவர் உள்ளே போகத் திரும்பினார். அப்போதுதான் என் மூளை கழன்றது. அறைந்தேன். முகத்தில், மறுபடி முகத்தில். உதடு கிழிந்தது. சட்டையைப் பிடித்துத் தூணில் மோதி, "சொல்லலைன்னு சொல்லுங்க, சொல்லுங்க" என்று அடித்தேன். எனக்காகக் குழாயடி வாங்கிய முதுகைத்தான் அந்தத் தூணில் மோதினேன். அவர் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை. போலீஸ்காரர் என்னைப் பிடித்து இழுத்தபோது நான்தான் ஓவென்று அழுதுகொண்டிருந்தேன்.

பாய் சட்டைக் கையால் வாயைத் துடைத்துக்கொண்டு உள்ளே போனார். கதவு திறந்தே இருந்தது. முதலில் சொன்னதையே திரும்பச் சொன்னார். மலையாளி அதை அரபியில் சொன்னான். அதிகாரி எழுதினார்.

பதினான்கு மாதமும், அதன்பின் நாடு கடத்தலும் கொடுத்தார்கள் என்று பிறகு கேள்விப்பட்டேன். அவருடைய பெட்டியை நானே ஒரு ஊர்க்காரரிடம் கொடுத்து அனுப்பினேன். தொண்டிக்கும் எங்கள் ஊருக்கும் பஸ்ஸில் இரண்டு மணி நேரம்தான். இன்று வரை போகவில்லை. அவர் மேல் எனக்குக் கோபம் இன்னும் தீரவில்லை. அவர் முகத்தைப் பார்க்கிற துணிச்சலும் எனக்கு இல்லை.

என்னை அன்று மதியமே விட்டார்கள். வராந்தாவில் அடித்ததைப் பாய் புகாராகச் சொல்ல மறுத்துவிட்டாராம். வாசலில் காவலர் தாளைக் கேட்டார். இத்தனை ஆடுகளைச் சம்மட்டியால் மண்டையில் அடித்துக் கொன்றேன் என்று நான் கையெழுத்துப் போட்ட தாளை நீட்டினேன். அவர் அதை முழுக்கப் படித்துவிட்டு, போகலாம் என்று கேட்டைத் திறந்துவிட்டார்.